மேசையைக் குத்திய ஊசி

எச்.ஐ.வி. பரிசோதனைப் பெட்டியிலிருந்த ஊசியை மேசைமேல் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டேன். 'டக்' என்றது. முனை வெளியே எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. மறுபடி அழுத்தினேன். செத்த பல்லி மாதிரி கிடந்தது.

"என்னடா சத்தம்?" என்று சமையலறையிலிருந்து டிரைவர் கேட்டான்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், என்னோடு வாழ்கிறவன். வீட்டுக்கார அம்மாவுக்கு மட்டும் நாங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. நான் தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிறேன். எந்த ஊசியையும் முதலில் கந்தலில் ஓட்டிப் பார்ப்பது கைப்பழக்கம். இந்த ஊசிக்கு ஒரே குத்துதான் ஆயுசு என்று பெட்டிக்குள் இருந்த தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதையெல்லாம் படிக்கிற பொறுமை இருந்தால் நான் ஏன் மெக்கானிக் ஆகிறேன்?

"ஸ்பிரிங் எப்படின்னு பாத்தேன்."

"எப்படி?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

கையைத் துடைத்துக்கொண்டு வந்தவன் மேசையைப் பார்த்தான். "சரி, மேசைக்கு என்ன ரிசல்ட்டு?"

சிரித்தோம். வேலை முடிந்து வந்த அலுப்பில் அது பாதி கொட்டாவியாகத்தான் வந்தது.

கிளினிக்குக்குப் போனால் வேனில் வரும் பிள்ளைகளின் அம்மா யாராவது வரிசையில் நிற்பாள் என்று அவனுக்குப் பயம். அதனால் அவனே மருந்துக்கடையில் ஆளுக்கொன்றாக இரண்டு பெட்டி வாங்கி வந்தான். சேர்ந்தே பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. ஒருநாள் அவனுக்கு இடுப்பு வலி, ஒருநாள் எனக்குத் தூக்கம் என்று அலமாரியிலேயே கிடந்தன.

"என் பெட்டில இருக்கற ஊசியை எடுத்துக்கோ" என்றான்.

"அப்ப உனக்கு?"

"நான் அப்புறம் பாத்துக்கறேன்."

போர்வையில் ஒரு முழம்கூட விட்டுத்தராதவன். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

என் விரலைப் பிடித்து அவனே குத்தினான். பெட்டியிலிருந்த பரிசோதனைப் பட்டையில் ரத்தம் ஒரு சொட்டு, மருந்து இரண்டு சொட்டு. அப்புறம் கால் மணி நேரக் காத்திருப்பு.

"ரெண்டு கோடு வந்தா?" என்றேன்.

"ஆஸ்பத்திரில மறுபடி பாப்பாங்க. அங்கயும் வந்தா மாத்திரை. ஒழுங்கா போட்டா ஒண்ணும் ஆகாது. எனக்குப் பிரஷர் மாத்திரை, உனக்கு வாயு மாத்திரை. அதோட இதுவும் ஒண்ணு."

ஒரே கோடுதான் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. கட்டிக்கொள்ளலாம் என்று திரும்பினேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாத்துடு" என்றான்.

"எதுக்கு?"

"சும்மாதான். இப்பத்தான் தொத்தியிருந்தா இதுல தெரியாதாம்."

"எனக்கு யாருகிட்டேருந்து தொத்தும்? தையக்கடை அக்காங்க எல்லாம் என்னைத் தம்பிங்கறாங்க. உன்னை விட்டா என்னை யாரு சீந்தறா?"

அவன் சிரிக்கவில்லை. நூல் சிக்கினால் மிஷினின் சத்தம் மாறுவதை அடுத்த தெருவிலிருந்தே கண்டுபிடிக்கிறவன் நான். சொந்த வீட்டில் மட்டும் செவிடு.

"டிரைவர், எங்கயாவது போனியா?"

"எங்க போக? ஸ்கூலு, வீடு, ஸ்கூலு."

"நான் வேன் ரூட்டைக் கேக்கல."

"சோறு ஆறிடப்போகுது, வா."

"ஆறட்டும்."

"உனக்கு எப்பவும் சந்தேகந்தான். நீயே ஒரு ஊசியைக் கெடுத்துட்டு..."

"ஆமா, கெடுத்தேன். நான் முட்டாள்தான். அதுல ஒண்ணும் தகராறு இல்ல."

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்துவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. நாற்காலியில் சாய்ந்தேன்.

"கோவமெல்லாம் நாளைக்குப் படறேன். இன்னிக்கு முடியல. யாருன்னுகூடக் கேக்கல. எப்போன்னு மட்டும் சொல்லு. அதை வச்சுத்தானே மூணு மாசத்தை எண்ணணும்? உனக்கும் எண்ணணும்டா."

அவன் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

"போன மாசம். ஒரு தடவை. உறை போடல. உன்கிட்ட சொல்ல வாய் வரல, அதான் இந்தப் பெட்டிங்களை வாங்கிட்டு வந்தேன்."