சவப்பெட்டியின் மேல் வைத்த சாவி

எவெர்ட் இறந்த செய்தி கேட்டு முதலில் அழுதவர்கள் அவனுக்குக் கடன் கொடுத்தவர்கள்தாம். அவனுடைய மனைவி மாக்டெல்ட் அடுப்பிலிருந்த ரொட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, அதன் பிறகே உட்கார்ந்து அழுதாள். துக்கத்திற்காக ரொட்டி காத்திருக்காது என்பது அவளுடைய தொழில் அவளுக்குக் கற்பித்த பாடம்.

அமெரிக்கக் காட்டோரம் டச்சுக்காரர்கள் குடியேறிய பெவர்வைக் ஊரில், பீவர் என்ற நீர்விலங்கின் தோல்தான் பணம். வசந்த காலத்தில் துணியும் கம்பளியும் கடனுக்கு வாங்கி அடுக்குவார்கள். கோடையில் மோஹாக் பழங்குடி வேட்டைக்காரர்கள் தோல்மூட்டைகளுடன் காட்டிலிருந்து இறங்கி வந்தால் சரக்கு விற்கும், கடன் தீரும். எவெர்ட்டும் அந்த நம்பிக்கையில்தான் கம்பளி வாங்கினான். வேட்டைக்காரர்கள் சரக்கைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள். அவனுடைய கம்பளியை இரு விரல்களால் தேய்த்துப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். கோடைகள் கடந்தன, கம்பளியும் இருந்தது, கடனும் இருந்தது. பிறகு எவெர்ட் இல்லை.

மாக்டெல்ட்டுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. வீட்டை வைத்துக்கொண்டால் கடன் முழுவதும் அவளுடையது. சாகும்வரை பிறருக்காக மாவு பிசைய வேண்டியதுதான். மற்றொன்று ஊரின் பழைய வழக்கம். கைம்பெண் இரவல் உடை உடுத்திக்கொண்டு, வீட்டுச் சாவியைச் சவப்பெட்டியின் மேல் வைத்துவிட்டு, பாடைக்கு முன்னால் நடந்து வெளியேறலாம். வீடு போகும், சட்டி பானை போகும், அவள் கையாலேயே பூசி வளர்த்த ரொட்டி அடுப்பும் போகும். ஆனால் கடனும் அதோடு போய்விடும். நிபந்தனை ஒன்றுதான்: அந்த வீட்டுப் பொருளில் ஓர் ஊசிகூட அவளுடன் வெளியே வரக்கூடாது. வந்தால் அத்தனை கடனும் அவள் தலையில் விடியும்.

அடக்கத்திற்கு முந்தின நாள் வோல்பெர்ட் வந்தான். ஊர் மதுக்கடைக்காரன், எவெர்ட்டுக்குக் கடன் கொடுத்தவர்களில் பெரியவன். துக்கம் விசாரிக்க வந்தவன், முதலில் சுவர்களை விசாரித்தான், பிறகு விட்டத்தை விசாரித்தான்.

"சாவிய வைக்கப் போறியாமே தங்கச்சி? ஊரு என்ன பேசும்? புருஷன் பேரக் காப்பாத்தாதவளுன்னு பேசாதா?"

"பேசட்டும் அண்ணே. பேச்சுக்கு யாரும் வட்டி கேக்க மாட்டாங்க."

"நான் ஒன்ன நெருக்குவனா? கொஞ்சம் கொஞ்சமா ரொட்டியாவே குடுத்துக் கழிச்சிரு."

"எத்தன வருஷம்?"

வோல்பெர்ட் அவளை மேலும் கீழும் பார்த்தான், சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல. "ஒனக்கு நல்ல ஒடம்பு. தாங்கும்."

"சாவியத்தான் வைக்கப் போறேன் அண்ணே."

அவன் குரலிலிருந்த தேன் வற்றியது. "வை, வை. நீ வெளிய வர்றப்ப என் கண்ணு ஒம்மேலதான் இருக்கும். ஒரு பித்தான் வந்தாலும் சத்தம் போட்டு நிறுத்திருவேன்."

மாக்டெல்ட் உண்மையாகவே அஞ்சினாள். கிளறித் தேடுகிறவன் எதையாவது கண்டுபிடிப்பான். கிடைக்காவிட்டால் அவனே கொண்டுவந்து போடுவான். இவன் கண் வேறெங்காவது இருந்தால்தான் தனக்கு விடிவு என்று தோன்றியது. அப்போது வோல்பெர்ட்டின் பார்வை மறுபடியும் விட்டத்துக்குப் போவதைக் கண்டாள்.

"பரண்ல என்ன இருக்கு?" என்றான் அவன்.

"அவரு போனதுலருந்து நான் ஏறல அண்ணே. துப்பாக்கிப் பட்டறை யோஸ் அண்ணன்கூட கேட்டாரு, ஒருதரம் ஏறிப் பாக்கட்டுமான்னு."

யோஸும் எவெர்ட்டுக்குக் கடன் கொடுத்தவன்தான். அவன் கேட்டது உண்மை. கூரை ஒழுகுகிறதே, ஏறிப் பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தான். கூரையைப் பற்றிய பாதியை மாக்டெல்ட் சொல்லவில்லை, எவெர்ட் அங்கே ஏதோ பதுக்கியிருக்கிறான் என்று எண்ணிய வோல்பெர்ட்டும் கேட்கவில்லை. பொறியில் மாமிசத்தைக் கண்ட நரி பொறியைப் பார்ப்பதில்லை. அடுத்த நரி எங்கே வருகிறது என்றுதான் பார்க்கும்.

மறுநாள் அண்டை வீட்டு பைட்யே தன் உடையை இரவல் கொடுத்தாள். பைட்யேயின் உடலளவு ஊரறிந்தது. மாக்டெல்ட் அதற்குள் நின்றபோது, பாடை தூக்க வந்த யோஸ் துக்கத்தையும் மறந்து, "உள்ள இன்னும் ரெண்டு பேரு குடியிருக்கலாம் போல இருக்கே!" என்றான்.

"வாடகைக்கு விடறதா இல்ல. தூக்குய்யா பெட்டிய!" என்றாள் பைட்யே.

மாக்டெல்ட் சாவியைப் பெட்டியின் மேல் வைத்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். வெறுங்கை, வெறுங்கழுத்து. பின்னாலிருந்து வோல்பெர்ட்டின் குரல் எழும் என்று ஒவ்வோர் அடியிலும் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். குரல் எழவேயில்லை. அவன் கண் சாவியின் மேலிருந்தது.

கல்லறையில் அந்தச் சாவியை எடுத்து நீதிமன்றத்தில் சேர்ப்பது நீதிமன்றச் சேவகரின் வேலை. அவருக்கு முட்டிவலி. "ஒங்களுக்கு எதுக்குங்க சிரமம்? நானே குடுத்துர்றேன்" என்று வோல்பெர்ட் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். வோல்பெர்ட் பிறருடைய சிரமத்தைக் குறைத்ததை ஊர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டது.

அடக்கம் முடிந்ததும் எல்லோரும் வழக்கப்படி அவனுடைய மதுக்கடையில் கூடினார்கள். கடைக்காரனைக் காணவில்லை. கொஞ்சநேரம் மரியாதைக்காகக் காத்திருந்தார்கள். பிறகு தாங்களே பீப்பாயைத் திறந்தார்கள். கோடு போட்டுக் கணக்கு வைக்க ஆளில்லாததால் இறந்தவனுடைய நற்குணங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எவெர்ட் இவ்வளவு நல்லவன் என்பது மாக்டெல்ட்டுக்கே தெரியாது.

சன்னலோரம் நின்ற யோஸ் திடீரென்று கோப்பையைக் கீழே வைத்தான். "அடேய், செத்தவன் வீட்டுல புகை வருது!"

குளிர்கால மாலை. பரண் இருட்டு. வெளிச்சத்துக்காகவும், விரல்கள் விறைத்ததற்காகவும், அந்த வீட்டுக்குள்ளிருந்த ஆள் அடுப்பை மூட்டியிருந்தான்.

அதன் பொருள் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த ஊரில் வீடு வாங்குகிறவன் பத்திரத்துக்கு முன்பே செய்யும் காரியங்கள் இரண்டு: சாவியைக் கையில் வாங்குவான், அடுப்பில் தீ வளர்ப்பான். இரண்டையும் செய்தவன் வீட்டுக்காரன்.

கோப்பைகளுடனேயே எல்லோரும் ஓடினார்கள். வோல்பெர்ட் அடுப்படியில், பூச்சி அரித்த கம்பளியொன்றைப் போர்த்திக்கொண்டு, பரணிலிருந்து இறக்கிய மற்ற கம்பளிகளை வெறித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"என்னண்ணே, குடிவந்துட்டீங்களா?" என்றான் யோஸ். "பால் காய்ச்சறப்ப எங்களக் கூப்பிட வேணாமா?"

"நான் வீட்டப் பாதுகாக்க வந்தேன்யா!"

"யார்கிட்டருந்து? ஒங்க கிட்டருந்தா?"

அடுத்த வழக்கு நாளில் நீதிமன்ற அறை நிறைந்தது. தலைமை தாங்கிய ரைக்கார்ட் வயதானவர். பாதிக் கண் மூடியபடியே எல்லாவற்றையும் கேட்பவர்.

"சாவி எடுத்தியா?"

"எடுத்தேங்க ஐயா. ஆனா..."

"தீ மூட்டினியா?"

"குளிருச்சுங்க ஐயா."

"அப்ப வீடு ஒன்னுது. வீட்டோட கடனும் ஒன்னுது. மொதல் கடன்காரன் யாரு? கூப்பிடு."

சேவகர் வாசலுக்குப் போய் உரக்கக் கூவினார்: "வாதி வோல்பெர்ட்! பிரதிவாதி வோல்பெர்ட்!"

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. ரைக்கார்ட் முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை. "வாதி, பிரதிவாதி ஒனக்குக் கடன் தரணுமா?"

"தரணுங்க ஐயா..."

"பிரதிவாதி, ஒத்துக்கிறியா?"

"ஐயா!"

"ரெண்டு பேரும் வெளிய போயி சமாதானமா பேசித் தீத்துக்குங்க. அடுத்தது யோஸ்."

வோல்பெர்ட்டுக்கு ஒரே ஒரு துரும்பு மிச்சமிருந்தது. அதை இறுகப் பற்றினான். "ஐயா, அவ வீட்டுப் பொருள வெளிய கொண்டுபோயிட்டா! பைட்யே வீட்டுல இன்னிக்குக் காலம்பற ரொட்டி சுட்டிருக்கா. அதே புளிப்பு, அதே வாசன. எவெர்ட் வீட்டுப் புளிமாவுங்க அது!"

புளிமாவு இல்லாமல் ரொட்டி உப்பாது. நல்ல புளிமாவு ஒருநாளில் உண்டாவதுமில்லை. ரைக்கார்ட்டின் மூடிய பாதிக் கண்ணும் திறந்தது. அவர் இதைப் பொருள் என்று தீர்த்தால் சாவி, பாடை, இரவல் உடை எல்லாம் வீண்.

"மாவு எங்கேருந்து வந்துச்சும்மா?"

"பைட்யே அக்கா கிட்டருந்து கடன் வாங்கினேங்க ஐயா."

"ஒனக்கு எப்படி வந்துச்சு பைட்யே?"

"அறுப்பு சமயத்துல இவ கிட்டதாங்க வாங்கினேன். அதுக்கு முன்னால என்னுது செத்துப்போச்சு. அதுக்கும் முன்னால இவளோடது செத்தப்ப நான் குடுத்தேன். எங்க ரெண்டு பேருல அது யாரோடதுன்னு அந்த மாவுக்கே தெரியாது."

ரைக்கார்ட் உடனிருந்த நீதிபதிகளிடம் குனிந்து பேசினார். அந்தச் சிறு நேரம் மாக்டெல்ட்டுக்குப் பெரிதாக இருந்தது. பிறகு அவர் நிமிர்ந்தார். "புளிமாவு நெருப்பு மாதிரி. அண்டை வீட்டுக்குக் குடுத்தா குடுத்தவங்களுக்குக் கொறையாது. எடுத்தா எடுத்த வீட்டுக்கும் கொறையாது. இது பொருள்ல சேராது. நீ போலாம்மா."

மாக்டெல்ட் வணங்கினாள்.

வோல்பெர்ட் கணக்குப் பார்த்தான். யோஸுக்குத் தர வேண்டும், மற்றவர்களுக்கும் தர வேண்டும். கம்பளியை எலிகூடச் சீண்டவில்லை. வீட்டில் காசு பார்க்கக்கூடியது ரொட்டி அடுப்பு ஒன்றே. ஊரிலுள்ள வேறு ரொட்டிக்காரர்கள் அதில் சுட்டுப் பார்த்தார்கள். ஒருபக்கம் கருகியது, மறுபக்கம் வேகவில்லை. அந்த அடுப்பின் குணம் அறிந்தவள் ஒருத்தியே. ஒருவாரம் தன்மானத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, அவன் பைட்யேயின் வாசலில் வந்து நின்றான்.

"தங்கச்சி, அடுப்ப எடுத்துக்க. வாடகைய நீயே சொல்லு."

"வாடகையா? கூலி இல்ல பேசணும்! அடுப்பு ஒங்களோடது, சுடறது நான். ரொட்டியில பாதி எனக்கு. விறகும் ஒங்க செலவு."

"பாதியா! இது பகல் கொள்ளை!"

"ஒங்களுக்கு நல்ல ஒடம்பு அண்ணே. தாங்கும்."

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை, மாக்டெல்ட் தன் பழைய அடுப்பின் முன்னால் முழங்கை வரை மாவுடன் நின்றுகொண்டிருந்தாள். இப்போது அளவாகத் தைத்த சொந்த உடை. வாசலில் யாரோ பலமாகத் தட்டினார்கள். அவள் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவை அகலத் திறந்தாள். யோஸும் அவனுக்குப் பின்னால் வேறு இருவரும் நின்றார்கள்.

"வாங்க, வாங்க, குளிருல நிக்காதீங்க!" என்றாள். பிறகு பரண் ஏணிப்பக்கம் திரும்பி, தெரு முழுவதும் கேட்கும்படி கூப்பிட்டாள்: "வோல்பெர்ட் அண்ணே! கடன் கேட்டு வந்திருக்காங்க. எறங்கி வாங்க!"