கறுப்புத் திரையில் இசக்கிப்பாண்டி

1

இந்தக் கதை எங்கள் வீட்டுச் சண்டையிலிருந்து வந்தது. மறைப்பானேன்.

என் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடுகிறது. ஆன் செய்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடும். அவற்றை மறைத்துப் படம் வரும்படி செய்யலாம் என்று படித்தேன். ஒரு ஞாயிறு முழுக்க மல்லுக்கட்டி, என் மனைவி ஜாய்ஸின் படத்தை வைத்தேன். நடுவில் அவள் முகம், சுற்றிலும் இருட்டு, கீழே மினுக்மினுக்கென்று ஒரு மஞ்சள் வெளிச்சம். ஆசையாகக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மாலை ஒண்ணுதான் பாக்கி" என்றாள்.

செத்தவர் படத்துக்குக் கீழேதான் சின்ன பல்பு எரியும். சங்கரன்கோவில்காரனுக்கு இது தெரியாதா? அன்றைக்குத் தோன்றவில்லை. படத்தை எடுத்துவிட்டேன். ஆனால் படத்தில் இருப்பவர் அந்த நேரம் ஆஸ்பத்திரியில் கிடந்தால்? இந்த எண்ணம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

2

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் இசக்கிப்பாண்டி இன்று காலை

(இந்த வாக்கியம் இத்தோடு நிற்கட்டும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரியே தொடங்குகிறது.)

வேறு மாதிரி. இசக்கிப்பாண்டிக்குத் திருநெல்வேலியில் இதய ஆபரேஷன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மைத்துனர் கண்ணன் காத்திருக்கிறார். மனைவி கோமதியம்மாள் ஆஸ்பத்திரியில் மயங்கி விழுந்ததால் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அவள் மகள் மாரிசெல்வியோடு கடைக்கு வந்திருக்கிறாள்.*

* கடையை ஏன் திறந்தார்கள் என்று கேட்பீர்கள். பூட்டிக் கிடந்தால் போவோர் வருவோர் விசாரிப்பார்கள். பதில் சொல்லத் தெம்பு வேண்டாமா?

3

மாரிசெல்வி கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். கறுப்புத் திரை நடுவில் இசக்கிப்பாண்டி வந்தார். கீழே மஞ்சள் வெளிச்சம் மினுங்கியது.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?" என்றாள் கோமதியம்மாள். "உசிரோட இருக்க மனுசர இப்படியா வைப்பாவ?"

"அப்பாதான் கேட்டாவ. கம்ப்யூட்டரத் தொறந்தா தம் மொகம் வரணும்னாவ. திரும்பி வரும்போது பாத்துச் சந்தோசப்படட்டும்னு நேத்து வச்சேன்."

"எடுத்திரு. இப்பமே எடு."

"கம்ப்யூட்டர் முழுசாத் தொறந்து முடிச்சாத்தாம்மா எடுக்க முடியும்."

ஆனால் அது முடிவதாகத் தெரியவில்லை. வழக்கமாகச் சட்டென்று போய்விட வேண்டிய படம் அப்படியே நின்றது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும். மாரிசெல்வி விரலைக் கொண்டுபோனாள்.

"வேண்டாம்" என்று கோமதியம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கன அவுக என்ன நெலமையில இருக்காவளோ. இங்கன நாம அணைக்கக் கூடாது."

4

இந்த இடத்தில் நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். கரண்டு போகட்டும் என்று எழுதினேன். திரை இருண்டது, கோமதியம்மாள் அலறினாள். அடித்துவிட்டேன். படம் தானாக விலகட்டும், சுபம் என்று எழுதினேன். எனக்கே வெட்கமாக இருந்தது. ஆபரேஷன் மேசையில் கிடப்பவரைப் பற்றி ஒரு வரி எழுதிப் பார்த்தேன். டாக்டர் தலையை

இல்லை. என்னால் முடியவில்லை. எழுத்துதானே என்று சொல்லாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

"இதுல மூணாவதா ஒரு வழி இருக்கும்லா?" என்று ஜாய்ஸ்தான் கேட்டாள். இருக்கிறது. எஸ்கேப் பட்டனைத் தட்டினால் கம்ப்யூட்டர் அணையாது. படம் மட்டும் விலகி, மறைந்திருந்த எழுத்துகள் தெரியும்.

5

மாரிசெல்வி அதை அம்மாவிடம் சொன்னாள்.

"படத்துக்குப் பின்னால என்னட்டி இருக்கும்?"

"உள்ள என்ன நடக்குன்னு எழுதியிருக்கும்."

"நல்லதா, கெட்டதா?"

"பாத்தாதான் தெரியும்."

கோமதியம்மாள் புருஷன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். மாரிசெல்வி தட்டினாள். முகம் போய் வரிகள் வந்தன. கடைசி வரி மட்டும் நகராமல் நின்றது. மாரிசெல்வி அதைத் தமிழில் சொன்னாள்.

"டிஸ்க்கச் சோதிச்சுக்கிட்டு இருக்காம். எப்ப முடியும்னு கணக்கு இல்லையாம். நடுவுல அணைச்சா கெட்டுப்போவும்மா."

"அப்ப இருப்போம்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் கோமதியம்மாள்.

அப்போதுதான் மேசை மேல் போன் அடித்தது. கண்ணன் மாமா. அம்மாவும் எடுக்கவில்லை, மகளும் எடுக்கவில்லை.

நானும் எடுக்க மாட்டேன். இவ்வளவு தூரம் கூட வந்துவிட்டீர்கள், நீங்கள் எடுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். கண்ணன் பேசத் தொடங்கியதும் கோமதியம்மாள் திரையைப் பார்க்க மாட்டாள். உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள்.