மன்னரின் முகம்

பிரித்தானிய மன்னரின் உத்தியோகபூர்வ உருவப்படத்தை வரைய அனோஜினியைத் தெரிவு செய்திருப்பதாகக் கடிதம் வந்த கிழமை, அவளுடைய அப்பா செபமாலை ஞாயிற்றுப் பூசை முடிந்து வந்தவர்களைக் கோயில் வாசலில் மறித்து மறித்துச் சொன்னார்: "எங்கட பிள்ளைதான் ராசாவைக் கீறப் போறாள்."

படத்தைக் கேட்டது மொன்றியலின் பழைய படைவீரர் மன்றம் ஒன்று. ஏழடி உயரப் படம் வேண்டுமாம். பள்ளியில் சித்திரம் படிப்பிக்கும் அனோஜினி, கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த தன் வீட்டின் வரவேற்பறையிலிருந்து சோபாவை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் படம் வரையும் திரைச்சீலையை நிறுத்தினாள். மன்னர் வந்து உட்காரப் போவதில்லை, புகைப்படங்களைத்தான் அனுப்பினார்கள். அவற்றில் ஒன்றில் மட்டும் அவர் கமெராவைப் பார்க்கவில்லை. யாரோ பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கும் ஒரு வயோதிபரின் முகம். அந்த முகத்தைத்தான் அவள் எட்டு மாதம் வரைந்தாள்.

மன்றச் செயலாளர் செலீன் வந்து நெடுநேரம் பார்த்தாள்.

"அழகாக இருக்கிறது. ஆனால் களைத்தவராகத் தெரிகிறாரே."

"களைத்துத்தானே இருக்கிறார்?" என்றாள் அனோஜினி.

"எங்கள் மண்டபத்தில் களைத்திருக்கக் கூடாது."

மூன்று முறை திருத்தினாள். மூன்று முறையும் குழுவுக்குப் பிடிக்கவில்லை. பிறகு சட்டம் போட வேண்டும் என்று படத்தை எடுத்துப் போனார்கள்.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு கையெழுத்திடக் கூப்பிட்டார்கள். அங்கியும் பதக்கங்களும் கைகளும் அவள் வரைந்தவை. முகம் அவளுடையதல்ல. கன்னங்கள் மழமழவென்றிருந்தன. உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு.

"இன்னொருவரைக் கொண்டு சிறிய திருத்தம் செய்தோம். ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருக்கிறது. அழைப்பிதழில் உங்கள் பெயர்தான்," என்று செலீன் தூரிகையை நீட்டினாள்.

அப்பா விழாவுக்கென்று வாங்கிய கோட்டு அனோஜினியின் நினைவுக்கு வந்தது. கையெழுத்திட்டாள்.

விழாவில் எல்லோரும் கைதட்டினார்கள். செபமாலை படத்துக்குக் கிட்டப் போய் நின்று கண் கலங்கினார்.

"முகம் அப்பிடியே உயிரோட நிக்குது, பிள்ளை. மற்றதெல்லாம் ஆரும் கீறலாம்."

காரில் திரும்பும்போது அவள் நடந்ததைச் சொல்லிவிட்டாள். அவர் கோபப்படுவார், தனக்காக ஒரு தடவையாவது சத்தம் போடுவார் என்று காத்திருந்தாள். அவர் புதுக் கோட்டின் மடிப்பை நீவிக்கொண்டே கேட்டார்.

"கையெழுத்து ஆர் வைச்சது?"

"நான்தான்."

"அப்ப உன்ரை படம்தான். கோயிலிலை ஒருத்தரிட்டையும் இதைக் கதைச்சுப் போடாதை."

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றாமலே ரொறொன்ரோவில் இருக்கும் தம்பிக்கு அழைத்தார். அந்தக் கண்களை மகள் எவ்வளவு பாடுபட்டு வரைந்தாள் என்று சொல்லத் தொடங்கினார். அனோஜினி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாவின் குரல் அங்கேயும் கேட்டது.