நெமேசியோவின் தண்ணீர் முறை

கணவன் நெமேசியோவின் சவப்பெட்டி மீது ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு டெல்ஃபினா நிமிர்ந்தாள். கல்லறை மேட்டுக்குக் கீழே வாய்க்கால் தெரிந்தது. மலைப்பனி உருகிய தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. இன்று அவர்கள் வயலுக்குத் தண்ணீர் பாயும் நாள், நெமேசியோவின் முறை.

மழை பொய்த்த வருஷம். மக்காச்சோளம் கதிர் வாங்கி நின்றது. இந்த முறையைத் தவறவிட்டால் மணி பிடிக்காது. காலையில் பிணத்தைத் துடைக்கும்போதும் அதே நினைப்பு வந்து, தன்மேலேயே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கொழுந்தன் தெயோஃபிலோ பக்கத்தில் வந்து நின்றான்.

“தண்ணியப் பத்திக் கவலப்படாதீங்க அண்ணி. அண்ணன் முறைய நான் எடுத்துக்கறேன்.”

“எங்க கொல்லைக்குப் பாய்ச்சவா?”

“மொதல்ல எனக்கு. மிச்சம் இருந்தா உங்களுக்கு. இந்த ஊர்ல எந்தப் பொம்பள பேர்ல முறை இருந்துச்சு, சொல்லுங்க?”

 நெமேசியோ சுரங்க வேலைக்குப் போய் நெஞ்சு கெட்டுத் திரும்பியதிலிருந்து மண்வெட்டி டெல்ஃபினாவின் கையில்தான். பேர் மட்டும் அவனுடையது.

குழி மூடியது. ஊரார் புல்லில் உட்கார்ந்து கோகா இலை மென்றார்கள். யாரோ சோளக்கள் ஊற்றிக் கொடுத்தார்கள். அவள் அதை வாயில் வைக்கும்முன் மகள் நீவெஸ் ஓடிவந்தாள்.

“அம்மா, சித்தப்பா மண்வெட்டியோட கெளம்பிட்டாரு.”

டெல்ஃபினா குவளையைக் கீழே வைத்துவிட்டு இறங்கினாள்.

மடையில், ஊர்த் தண்ணீரைப் பங்கிடும் நீர்ப்பாய்ச்சி கிரெகோரியோ கிழவர் நின்றிருந்தார். அவளைக் கண்டதும் தொப்பியை எடுத்தார். முறைக்காரரின் பேரை அவர் கூப்பிட்ட பிறகுதான் மடை திறக்கலாம்.

“நெமேசியோ ஹுவில்கா!” பாதியிலேயே அவர் குரல் கம்மியது.

“அண்ணனுக்குப் பதிலா நான் இருக்கேன்” என்றான் மண்வெட்டியோடு நின்ற தெயோஃபிலோ.

“அவர் போயிட்டாரு, ஐயா” என்றாள் டெல்ஃபினா. “என் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க.”

தெயோஃபிலோ சிரித்தான். “நல்லாருக்கே! நாளைக்கு எல்லாப் பொம்பளைங்களும் வந்து நிப்பாங்க.”

“வாய்க்கால் தூர் வார்றப்ப நின்னாங்களே, அப்ப மட்டும் பரவால்லயா சித்தப்பா?” என்றாள் நீவெஸ். “நீங்க குடிச்சிட்டுப் படுத்திருந்தீங்க. உங்க பங்கையும் அம்மாதான் வாரிச்சு.”

“ஏய், பெரியவங்க பேசறப்ப...”

“அவ சொல்றது பொய்யா?” என்று கிரெகோரியோ கேட்டார். தெயோஃபிலோ வாய்க்காலைப் பார்த்தான்.

கிழவர் மேட்டை அண்ணாந்து பார்த்தார். எல்லாரும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஊர்க் கூட்டத்துல என்னப் புடிச்சுக் கிழிக்கப் போறானுங்க” என்று முணுமுணுத்தார். பிறகு மேடு வரை கேட்கும்படி, அவள் பிறந்த வீட்டுப் பேரோடு சேர்த்துக் கூவினார்: “டெல்ஃபினா சோக்கே!”

டெல்ஃபினா குனிந்து மடைப்பலகையைத் தூக்கினாள்.

தண்ணீர் பாய்ந்தது. அவள் முன்னால் வரப்பை வெட்டிக்கொண்டே போக, நீவெஸ் பின்னால் மண் அணைத்து அடைத்துக்கொண்டு வந்தாள். துக்கத்துக்கு உடுத்திய கறுப்புப் பாவாடை முழங்கால்வரை சேறானது. தெயோஃபிலோ சற்று நேரம் நின்றுவிட்டு மேட்டுக்குத் திரும்பிப் போனான்.

கடைசிப் பாத்தி நிரம்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. பாய்ச்சி முடித்ததும் வீட்டைப் பார்த்துக் கை தூக்குவது அவள் வழக்கம். வாசலில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கும் நெமேசியோ, அதைப் பார்த்த பிறகுதான் உள்ளே போவான்.

டெல்ஃபினா வீட்டுப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினாள். வாசலில் யாரும் இல்லை.

நீவெஸ் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தூக்கிய கையால் டெல்ஃபினா தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.