ஹார்ட் டிஸ்க்குக்குப் பொருத்தம் பார்த்த ஆச்சி

பிரிக்பீல்ட்ஸில் கல்யாணத் தரகு பார்க்கும் உமையாள் ஆச்சியின் கம்ப்யூட்டரில் ஒரு ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. கிள்ளான் வரைக்கும் கல்யாணமாகாத அத்தனை பேரின் ஜாதகமும் அதற்குள்தான். நல்லவேளை, அவர் கணவர் சாத்தப்பன் இரண்டு டிஸ்க் போட்டிருந்தார். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும். இப்போது மிஞ்சியது ஒன்று. அதுவும் படுத்தால் ஆச்சி ஆயுசுக்கும் சேர்த்ததெல்லாம் போச்சு.

இம்பி பக்கம் உள்ள கம்ப்யூட்டர் கடையில் வேறு டிஸ்க் வாங்கக் கிளம்பினார்கள். துணைக்குப் பக்கத்து வீட்டு நானும் காரில் ஏறிக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை, அதனாலென்ன?

கடைக்காரர் கார்த்திகேசு, செத்ததைப் போலவே அச்சு அசலாக ஒன்றை எடுத்து வைத்தார்.

"சேம் பிராண்ட், சேம் சைஸ் அண்ணே. நீங்க அன்னைக்கு ரெண்டு வாங்கினீங்களே, அதே பெட்டியில மிஞ்சினது. விலை கொறைச்சுத் தரேன்லா."

சாத்தப்பனின் முகம் மலர்ந்தது. ஆச்சி மூக்குக் கண்ணாடியை மாட்டி லேபிளைப் படித்தார். கைப்பையிலிருந்து செத்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"என்னங்க, ரெண்டும் ஒரே தேதியில பொறந்திருக்கு."

"ஃபேக்டரியில செஞ்ச தேதி அது!"

"வீட்டுல இருக்கிறதும் இதுங்ககூடப் பொறந்ததுதானே? எல்லாத்துக்கும் ஒரே தசை. ஒண்ணுக்கு முடிஞ்சா மத்ததுக்கும் முடியும். தெரிஞ்சே சேர்த்துவைப்பேனா?"

"இது கல்யாணம் இல்ல உமையா!"

"ஜோடிதானே?"

கார்த்திகேசு சிரிப்பை விழுங்கிக்கொண்டு வேறு கம்பெனி டிஸ்க் ஒன்றை நீட்டினார். "இது இப்ப வந்தது ஆச்சி. ஆனா வீட்டுல உள்ளதைவிட ஒரு இழை சின்னது, ஜோடி சேராது. இதோ, இது பெருசு. இது சேரும்."

"பெருசுல பாதி இடம் சும்மா கிடக்கும். வேஸ்ட்!" என்றார் சாத்தப்பன்.

"மாப்பிள்ளை பொண்ணைவிட ஒசரமா இருந்தா யாராச்சும் வேஸ்ட்னு சொல்வாங்களா?"

பெரியதுதான் வீட்டுக்கு வந்தது. பழையதிலிருந்து புதியதற்கு எல்லாம் நகலாகி முடியும்வரை, பிரசவ வார்டு வாசலில் காத்திருப்பவரைப் போல சாத்தப்பன் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நான் தேநீர் குடித்தேன்.

அந்த வாரமே பழைய டிஸ்க் கடக் கடக்கென்று இழுத்துக்கொண்டு ஓய்ந்தது. ஆச்சி மூச்சைப் பிடித்தபடி விசையைத் தட்டினார். காப்பார் பையன் முதல் ஷா ஆலம் டீச்சர் வரை, ஒருவர் குறையாமல் திரையில் வரிசையாக வந்தார்கள். சாத்தப்பன் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு ரமணி கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள்.

"தற்செயல்தான்" என்று சாத்தப்பன் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் வாயில் ஆச்சி கிண்டிய கேசரி இருந்ததால் பாதிதான் விளங்கியது.