அந்தக் கணினியின் நிர்வாகி

பதினேழு என்று இவன் எப்படிச் சொன்னான்? என் வாயிலிருந்து அந்த எண் ஒருநாளும் வந்ததில்லையே. தூக்கத்தில் ஏதாவது உளறினேனா? உளறியிருந்தாலும் இவன் வீடு நான்கு தெரு தள்ளியல்லவா இருக்கிறது?

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த கொழுந்தன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணி, சிலை மாதிரி ஆயிட்டீங்க? சும்மாதான் கேட்டேன். உங்க பதினேழாம் நம்பர் ஆளு இன்னமும் கதவைப் பூட்டிட்டு ஆறு தடவை இழுத்து இழுத்துப் பாக்குறாரா?"

கணவரும் சிரித்தார். "யாருடா அது?"

"அண்ணியைக் கேளு. அந்தக் கம்ப்யூட்டர்ல பெரிய நாடகமே ஓடுது."

நாடகம் அல்ல. மனநல ஆலோசகர் ஒருவரிடம் பேச வருகிறவர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது அவளுடைய வேலை. வீட்டிலிருந்தே செய்கிறாள். பேசுகிறவர்களின் பெயர் அவளுக்குத் தெரியாது, எண்தான். பதினேழாம் எண்காரர் போன மாதம் பேச்சின் நடுவில் அழுதார். அழுகையையும் குறிக்க வேண்டும் என்பது விதி. அவள் 'நீண்ட இடைவெளி' என்று மட்டும் எழுதினாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. அந்த மனிதருக்கு அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்று தோன்றியது.

"தம்பி, என் ஃபைலை எல்லாம் திறந்து பாத்தீங்களா?"

"ஸ்லோவா இருக்குன்னு நீங்கதானே புலம்புனீங்க? என் வீட்டுலேருந்தே உள்ள போய் சரி பண்ணேன். அப்ப கண்ணுல பட்டுச்சு. கண்ணை மூடிக்கிட்டா ரிப்பேர் பண்ண முடியும்?"

குடும்பத்தில் அவனுக்கு எஞ்சினியர் என்று பெயர். கைப்பேசி விற்கும் கடையில் வேலை. அந்தக் கணினியை வாங்கிக்கொடுத்தவனும் அவன்தான். அது மெதுவாகிறது என்று யாராவது சொன்னால் வந்து புதிதாக ஒரு பாதுகாப்பு மென்பொருளை ஏற்றிவிட்டு, "இனிமே ராக்கெட்" என்பான். ராக்கெட் கிளம்பப் பதினோரு நிமிடம் ஆனது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு இரண்டு அறைகளைப் பெருக்கி முடித்து வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அன்று அவள் சத்தம் போடவில்லை. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆலோசகரிடம் சொல்லாமல் விட்டுவிடலாம். பதினேழாம் எண்காரருக்கு ஒருபோதும் தெரியப் போவதில்லை. அந்த எண்ணம் ஆறுதலாக வந்து, வந்த வேகத்திலேயே சுட்டது. அவருக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தானே கொழுந்தனும் சிரித்தான்?

ஆலோசகரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"அவர்கிட்ட நான் இதைச் சொல்லியே ஆகணும்மா" என்றார் ஆலோசகர். "உங்க கம்ப்யூட்டரை யார் யார் திறக்க முடியும்னு எனக்கு எழுதிக் குடுங்க. உங்க பேர் மட்டும் இருந்தா மேற்கொண்டு அனுப்புறேன். இல்லன்னா, மன்னிச்சுக்கங்க, வேற ஆள் பாக்க வேண்டியதுதான். திங்கக்கிழமை வரைக்கும் பாக்கலாமா?"

"பாக்கலாங்க" என்றாள் அவள்.

மறுநாள் காலை, கணவர் வேலைக்குப் போனதும் கணினி முன்னால் உட்கார்ந்தாள். தூரத்திலிருந்து திரையைப் பார்க்க உதவும் அந்த மென்பொருளைத் தேடிக் கண்டுபிடித்து, 'நீக்கு' என்பதை அழுத்தினாள். ஒரு பெட்டி எழும்பியது. நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டுமாம். நிர்வாகியின் பெயரும் அதிலேயே இருந்தது: எஞ்சினியர். அவளுடைய பெயருக்கு எதிரே 'சாதாரணப் பயனர்' என்று போட்டிருந்தது.

சாப்பாட்டு மேசையில் வராத கோபம் அப்போதுதான் வந்தது. இந்த மேசையைத் தினமும் துடைக்கிறவள் நான். இந்த நாற்காலியின் ஆடுகிற காலுக்கு அட்டை மடித்து வைத்தவள் நான். இரண்டு வருடமாக இதில் சம்பாதிக்கிறவளும் நான். நான் இங்கே யார் என்பதை நான்கு தெரு தள்ளி இருக்கிற ஒருவன் முடிவு செய்திருக்கிறான், எனக்குச் சொல்லக்கூட இல்லை.

வயர்களைப் பிடுங்கினாள். சிபியூ பெட்டியைக் குழந்தையைப் போல இடுப்பில் ஏந்திக்கொண்டு, கணினி பழுது பார்க்கும் கடைக்குப் போனாள். கடைக்காரி இருபத்தைந்து வயது இருப்பாள். பேனா மூடியைக் கடித்தபடியே சோதித்தாள். திடீரென்று சிரித்தாள்.

"அக்கா, இதுல மூணு ஆன்டிவைரஸ் இருக்கு. ஒண்ணை ஒண்ணு திருடன்னு நினைச்சு சட்டையைப் பிடிச்சிட்டு நிக்குது. அப்புறம் உங்க வேலை எப்ப நடக்கும்? சிஸ்டத்தோட சொந்த அப்டேட்டையெல்லாம் ரெண்டு வருஷமா நிறுத்தி வச்சிருக்காங்க. வாசல்ல மூணு வாட்ச்மேன், கொல்லைக் கதவு ஆ...ன்னு திறந்து கிடக்கு. யாரு பண்ணது?"

"எங்க வீட்டு எஞ்சினியர்."

"நல்லா இருக்கட்டும். குடுத்துட்டுப் போங்கக்கா, சாயங்காலம் எல்லாம் பண்ணித் தரேன்."

"வேணாம்மா. நீ சொல்லு, நான் பண்றேன். பாஸ்வேர்டு என் கையாலதான் போடணும்."

கடைக்காரி பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தாள். "அதுவும் சரிதான். என்னையும் நம்பாதீங்க" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

குடும்பப் படங்களையும் அவள் கோப்புகளையும் தனியாக ஒரு டிரைவில் எடுத்து வைத்தார்கள். வேகமான புது டிஸ்க் ஒன்றை மாட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினார்கள். பழைய டிஸ்க்கில் இருந்ததை ஒன்று விடாமல் அழித்தார்கள். காவலுக்கு ஒரே ஒரு மென்பொருள் போதும் என்றாள் கடைக்காரி. பெட்டியை யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் படிக்க முடியாதபடி டிஸ்க் முழுவதையும் பூட்டினார்கள். கணினி கடவுச்சொல் கேட்டபோது கடைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் நீளமாக ஒரு வாக்கியத்தைத் தட்டினாள். அந்த வீட்டில் அவள் இதுவரை வாய்விட்டுச் சொல்லாத வாக்கியம்.

வீட்டுக்கு வந்து மாட்டினாள். நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் திரை தயாராகிவிட்டது. வைஃபையின் கடவுச்சொல்லையும் மாற்றினாள். கணவருக்குத் தனியாக ஒரு கணக்கு போட்டாள். ஆலோசகருக்கு ஒரே ஒரு பெயரை எழுதி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழுந்தன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"அண்ணி, என்னால உள்ள போக முடியலையே!"

"ஆமா தம்பி. எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா? நான் ஏத்தி வச்ச பாதுகாப்பு எல்லாம்?"

"அதையும்தான்."

"நாளைக்கு வைரஸ் வந்து படுத்துக்கிச்சுன்னா என்கிட்டதான் ஓடி வரணும், பாத்துக்கங்க."

"எதுக்குத் தம்பி ஓடணும்? கடை பக்கத்துலதான் இருக்கு, நடந்தே போயிக்கிறேன்."

அவன் அண்ணனைப் பார்த்தான். "பாத்தியாண்ணே? ஒரே குடும்பத்துக்குள்ள ஒளிவுமறைவு. நான் என்ன திருடனா?"

"நீங்க திருடன்னு நான் சொல்லல" என்றாள் அவள். "ஒருத்தர் மனசு விட்டுச் சொன்னதைப் படிச்சிட்டு, சாப்பாட்டு மேசையில உக்காந்து சிரிச்சீங்க. அதைத்தான் சொல்றேன்."

அவன் சாப்பிடாமலேயே போனான்.

கணவர் வாசல் வரை போய் எட்டிப் பார்த்தார். பிறகு அவள் மேசையருகே வந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அவன் மூஞ்சியே சுண்டிப் போச்சு. சரி, அவனுக்கு வேணாம். உன் பாஸ்வேர்டை எனக்கு மட்டும் சொல்லு."

"உங்களுக்குத் தனியா ஒண்ணு போட்டிருக்கேங்க. அதோட பாஸ்வேர்டை நீங்களே வச்சுக்கங்க. என்கிட்ட சொல்ல வேண்டாம்."

"நான் அதைக் கேக்கல."

"தெரியும்."

அவர் கெட்டவர் இல்லை. அன்று மேசையில் சிரித்தார், அவ்வளவுதான். ஆனால் தம்பியின் முகம் இன்னொரு முறை சுண்டினால் இவர் தாங்க மாட்டார். யாருக்கும் தெரியாமல் சொல்லிவிடுவார், சொன்னதை மறந்தும்விடுவார். கூடவே வாழ்ந்த இத்தனை வருடங்களில் அவள் கற்றுக்கொண்டது அது.

"நாளைக்கு உனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?"

"அப்ப அது அப்படியே அழிஞ்சு போகட்டும். அதுல இருக்கிறது எதுவும் நம்ம வீட்டு விஷயம் இல்ல."

"என்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

இந்தக் கேள்வி வரும் என்று காலையிலிருந்தே அவளுக்குத் தெரியும். இதற்கு முன் எத்தனையோ முறை இதைக் கேட்டவுடன் அவள் இளகியிருக்கிறாள். கையெழுத்துப் போட்டிருக்கிறாள், போக நினைத்த இடத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறாள். உண்டு என்று சொன்னால் கடவுச்சொல்லையும் சொல்ல வேண்டியிருக்கும். இல்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களை நம்புறது வேற விஷயங்க. இது என்னை நம்பி அவங்க குடுத்தது."

"அப்ப சொல்ல மாட்டே?"

"மாட்டேங்க" என்றாள், குரலை உயர்த்தாமல்.