சிவப்பு வளையம்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை மதியம் என் அக்கா ஃபோனில் என்னைத் திட்டினாள். அங்கே பிறந்தது. மற்ற எழுத்தாளர்களுக்கு ஒரு முகமோ ஒரு கனவோ கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது வசவு.

"நாலு வரி லெட்டர் கேட்டேன்டா. நாலே வரி. பன்னெண்டு நாளாச்சு. என்னதான் பண்ணிட்டிருக்கே?"

"எழுதிட்டுதான்க்கா இருக்கேன்."

"லெட்டரையா?"

"அதைப் பத்தி ஒரு கதை..."

அதற்குப் பிறகு அவள் சொன்னதை அச்சில் போட முடியாது. இருபத்திரண்டு வருடம் மரம் அறுக்கும் மில்லின் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவள். ரம்பச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். ஃபோனை மேஜைமேல் வைத்த பிறகும் எல்லாம் கேட்டது.

கடிதம் அவள் கணவருக்காக. வனத்துறை அவருக்கு ஒரு வேலையை மறுத்திருக்கிறது. பதினைந்து நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்கலாம். அந்த ஆட்சேபத்தோடு என் கடிதம் ஒன்று போக வேண்டும், ஏனென்றால் வேலை கிடைக்காமல் போனதற்குக் காரணம் நான். மூன்று நாள் மிச்சம் இருந்தது. நான் அதுவரை எழுதியதை ஒதுக்கிவிட்டு இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

2

எழுதி அடித்த தொடக்கங்களை மறைக்கப் போவதில்லை.

"ரம்பங்கள் ஓய்ந்த காட்டில் அமைதி..." ஓய்ந்தது மில். காட்டில் எப்போதும்போல் பறவைகள் கத்திக்கொண்டுதான் இருக்கின்றன. அடித்தேன்.

"அந்த ஊரின் கடைசி மரத்தொழிலாளி..." கடைசி எங்கே? நூற்றெழுபது பேர் அங்கே முழுசாக உயிரோடு இருக்கிறார்கள், வேலை கேட்டு அலைகிறார்கள். "கடைசி" என்று போட்டால் உங்கள் கண் கலங்கும் என்பதற்காகப் போட்டேன். அடித்தேன்.

"என் அத்தான் மரங்களுக்குக் குறி போடுகிறவர்." இது நிற்கட்டும்.

மில் ஆட்கள் வெட்டப் போவதற்கு முன்னால் அவர் காட்டுக்குள் போவார். கையில் இரண்டு பெயிண்ட் டப்பா, ஒன்றில் நீலம், ஒன்றில் சிவப்பு. சில மரங்களில் நீலக் கோடு ஒன்றை இழுப்பார். சிலவற்றில் சிவப்பு வளையம் போடுவார். ஊரில் அவரைப் 'பெயிண்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

[எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்பதை இப்போதே சொல்ல மாட்டேன். சொன்னால் நான் செய்தது உடனே தெரிந்துவிடும். இரண்டு பக்கத்துக்காவது நல்லவனாக இருந்துகொள்கிறேன்.]

3

ஒன்பது வருடங்களுக்கு முன் விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது, ஒருநாள் அத்தானின் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். சரிவில் ஒரு மரம் நின்றது. ஐந்து பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத அடிமரம். அத்தான் சிவப்பு டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷால் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வேர்களில் தடுக்காமல், வளையம் எங்கேயும் விட்டுப்போகாமல், மெதுவாக. நான் ஜீப்பில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். ஒரு வாக்கியம் தோன்றியது:

"சீட்டியடித்துக்கொண்டே வந்த ஒருவன், நானூறு வயதுள்ள அந்த உயிரின் கழுத்தில் சிவப்புச் சுருக்கை மாட்டினான்."

அத்தானுக்குச் சீட்டியடிக்கவே வராது. அது நான் சேர்த்தது.

அதிலிருந்து எழுதிய என் 'கழுத்தில் சுருக்கு' கட்டுரையை நீங்கள் படித்திருப்பீர்கள். ஊர்வலங்களில் அதன் வரிகளைத் தட்டியில் எழுதிப் பிடித்தார்கள். தங்கள் கழுத்திலேயே சிவப்பு வளையம் வரைந்துகொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் நின்றார்கள். இரண்டு வருடத்தில் சட்டம் வந்தது, இயற்கைக் காட்டில் இனி ஒரு மரத்தையும் வெட்டக் கூடாது என்று. கட்டுரை பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஏறியது. நான் மேடையில் ஏறினேன்.

சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம், பத்தடி தூரத்தில்தான் நின்றார். வாக்கியம் நன்றாக வந்துவிட்டதால் கேட்கவில்லை.

4

[இந்தப் பகுதியைக் கோபப்படாமல் எழுதிப் பார்த்தேன். முடியவில்லை.]

மில் முதலாளி இழப்பீட்டை வாங்கிக்கொண்டு மூன்றே மாதத்தில் மெஷின்களைக் கழற்றிக் கப்பலில் ஏற்றினார். கடல் தாண்டி வேறொரு காட்டோரத்தில் அதே ரம்பங்கள் அதே வேகத்தில் ஓடுகின்றன. கட்டுரை எழுத அங்கே இன்னும் எவனும் போகவில்லை. அந்தப் பலகைகள்தான் நம் கடைகளுக்குக் கட்டிலும் மேஜையுமாக வருகின்றன. நாமும் தடவிப் பார்த்து வாங்குகிறோம்.

இங்கே என்ன மிச்சம்? ரம்பத்துக்குப் பல் தீட்டிய பட்டறையின் கதவில் பூட்டு. பள்ளிக்கூடத்தில் ஒரே அறையில் மூன்று வகுப்பு, மூன்றுக்கும் ஒரே டீச்சர். அப்புறம் மறுபயிற்சி. சுற்றுலாப் பயணிகள் வந்து குவியப்போகிறார்கள் என்று சொல்லி, என் அக்காவை நான்கு வாரம் ஓட்டல் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

"ரெண்டு டன் மரத்தை நகக்கீறல் படாம அடுக்கினவடா நான்," என்றாள் அப்போது. "என்னை உக்கார வெச்சு காகிதக் கைக்குட்டையில வாத்து செய்யச் சொல்லித் தராங்க. நானும் செஞ்சேன். அந்த வாத்துக்குக்கூட என்னைப் பார்த்தா பாவமா இருந்திருக்கும்."

பயணிகள் வந்தார்கள். மரத்தைப் படம் எடுத்துக்கொண்டு, கையோடு கொண்டுவந்ததைத் தின்றுவிட்டு, சாயங்காலத்துக்குள் திரும்பிப்போனார்கள். காட்டின் நுழைவாயிலில் ஒரு பலகை இருக்கிறது. அதில் என் வாக்கியத்தைப் பொறித்து வைத்திருக்கிறார்கள், சீட்டியோடு சேர்த்து.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தடையே தப்பு என்று பேச இந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு யாரும் மேடையேற வேண்டாம். மில்காரர்கள் வெட்டியது கொஞ்சநஞ்சமல்ல. குறி போடாத மரங்களையும் சேர்த்து இரண்டு சரிவுகளை மொட்டையடித்தார்கள். அதை நிறுத்தச் சொல்லி மூன்று தடவை எழுதிக்கொடுத்தவர் ஒரே ஆள். அவரைத்தான் நான் கொலைகாரனாக எழுதினேன்.)

5

இந்த வருடம் வனத்துறை எட்டுக் காவலர்களை எடுத்தது. பழைய மரத்தொழிலாளர்களுக்கு முன்னுரிமை என்று அறிவித்தார்கள். தடை வந்ததிலிருந்து அத்தான் ஏற்றாத கூலி மூட்டை இல்லை. அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இதைவிட்டால் வயது தாண்டிவிடும். அந்தக் காட்டில் கண்ணைக் கட்டி விட்டாலும் வழி சொல்லக்கூடியவர். இஸ்திரி போட்ட சட்டையோடு நேர்காணலுக்குப் போனார்.

குழுவில் ஓர் இளம் அதிகாரி இருந்தாள். பள்ளியில் என் கட்டுரையை மனப்பாடம் செய்தவளாம். அவள் கேட்டாள்: "அந்தப் பெரிய மரத்துக்கு சிவப்பு வளையம் போட்டது நீங்கதானா?"

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "ஆமாம்மா. நானேதான். இருபத்தாறு வருஷமா, அழிய அழியப் போட்டேன்."

பெருமையாகச் சொன்னார். இந்த இடத்தை நான்கு தடவை எழுதினேன், நான்கு தடவையும் எழுந்துபோய் ஜன்னல் ஓரமாக நின்றேன்.

இப்போது சொல்கிறேன். நீலம் வெட்ட. சிவப்பு விட. மரத்தின் மேலே பொந்து இருந்து, பறவைகள் அதில் குஞ்சு பொரித்தால், அந்த மரத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து ரம்பத்தோடு வந்தாலும் கண்ணில் படுகிற மாதிரி. சரிவில் நின்ற அந்தப் பெரிய மரத்தைக் கேட்டு மில் மேனேஜர் எத்தனையோ தடவை வந்தார். முடியாது என்று சொன்னதால் அத்தான் கடைசிவரை பெயிண்டராகவே இருந்தார், மேற்பார்வையாளர் ஆகவில்லை.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது: "வனத்தின்மீது மரியாதை உள்ளவர்களை மட்டுமே இப்பணிக்குப் பரிசீலிக்க இயலும்."

6

மூன்றாம் பகுதியில், "சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது" என்று எழுதினேன். அன்றைக்கு அது உண்மை. இரண்டு மாதம் வரைக்கும் உண்மை.

கட்டுரை வந்து இரண்டாம் மாதம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரோ கொடுத்த பத்திரிகையை அத்தான் அன்றுதான் படித்திருந்தார். சிரித்தார். கோபப்படவில்லை, சத்தியமாகச் சிரித்தார்.

"என்னடா இப்படித் தலைகீழா எழுதி வெச்சிருக்கே? சிவப்புன்னா நில்லுன்னு ரோட்ல போற குழந்தைக்குக்கூடத் தெரியுமே. அது மரத்தை விடறதுக்குப் போடறதுடா. சரி போ, அடுத்த தடவை அச்சடிக்கும்போது திருத்திடு."

"திருத்திடறேன் அத்தான்," என்றேன்.

அந்த வாரம்தான் ஊர்வலத்துக்குத் தட்டிகள் அச்சாகிக்கொண்டிருந்தன. இப்போது போய் எதற்கு என்று நினைத்தேன். பெரிய நன்மைக்காக ஒரு சின்னப் பிழை இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். [இதையும் அடிக்க வேண்டும். பெரிய நன்மை ஒன்றும் இல்லை. கைதட்டல் பிடித்திருந்தது.] அதற்குப் பிறகு ஏழு பதிப்பு வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அதே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டும் வந்திருக்கிறேன்.

7

வியாழக்கிழமை காலை இருவரும் பஸ் பிடித்து என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மறுநாள் கடைசி நாள்.

அக்கா செருப்பைக் கழற்றிய வேகத்தில் எழுதும் அறைக்குள் வந்து, என் மேஜையை விரல் முட்டியால் தட்டினாள். குனிந்து ஓரத்தை முகர்ந்தாள்.

"புதுசா வாங்கினதா?"

"ஆமாக்கா."

"தோட்டத்துல வளர்த்த மரம் இல்ல இது. காட்டு மரம், நல்லா வயசான மரம். எந்தக் காடு?"

"தெரியாதுக்கா."

"இதுக்கு யாருடா அழுதா?"

கையெழுத்துப் பிரதியை எடுத்து நீட்டினேன். இதுவரை நீங்கள் படித்தவைதாம்; அவற்றோடு நான் யோசித்துவைத்த முடிவுகளும் ஒரு கடிதத்தின் வரைவும் இருந்தன. அவள் உட்காராமலே படித்தாள். அத்தான் நாற்காலியில் அமர்ந்து, மடியில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

முதல் முடிவு: பெரிய மரத்தடியில் நானும் அத்தானும் நிற்கிறோம், அவர் என் தோளைத் தட்டுகிறார்.

"இவர் உன் தோளைத் தட்டணுமா? நான் வேணா முதுகுல ரெண்டு தட்டறேன்."

இரண்டாவது முடிவு: விரக்தியில் அத்தான் ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த மரத்தையே...

"இவர் அந்த மரத்தை வெட்டுவாருன்னு எழுதினே, உன் கையை ஒடிப்பேன். ஒரு தடவை அந்தப் பழியைப் போட்டது போதாதா? குதிரை கீழ தள்ளினது பத்தாதுன்னு குழியும் பறிச்சியே, இப்ப மண்ணும் தள்ளப்போறியா?"

மூன்றாவது: "கடிதம் போய்ச் சேர்ந்ததா? முடிவு, வாசகரே, உங்கள் கையில்."

அக்கா பிரதியை மடக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை குரல் உயரவில்லை.

"வாசகர் கையில என்னடா இருக்கு? அவங்க ஏற்கெனவே ஒரு தடவை உன்னை நம்பிக் கழுத்துல பெயிண்ட் பூசிட்டு நின்னவங்க. கையெழுத்து உன் கையில இருக்கு. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டு, தீர்ப்பை மட்டும் ஊரார் தலையில கட்டறியா?"

8

அப்போதுதான் அத்தான் வாயைத் திறந்தார்.

"ரெண்டு பேனா குடு. நீலம் ஒண்ணு, சிவப்பு ஒண்ணு."

எடுத்துக் கொடுத்தேன். பிரதியை மேஜையில் பரப்பி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். நீலப் பேனாவால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கோடு. அவசரமே இல்லை, படித்துவிட்டுத்தான் இழுத்தார். என் தொடக்கங்கள், என் அடைப்புக்குறிகள், நான் ஜன்னல் ஓரம் நின்றது, மூன்று முடிவுகள், எல்லாவற்றின்மீதும் கோடு. கடைசித் தாளில் கடித வரைவுக்கு வந்தார். நாலாவது வரி, "தெரியாமல் நடந்த பிழைக்கு வருந்துகிறேன்" என்று இருந்தது. 'தெரியாமல்' என்ற சொல்லில் சின்னதாக ஒரு நீலக் கோடு போட்டு, தாளை என் பக்கம் திருப்பினார்.

நான் அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினேன். அவர் படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த நாலு வரியைச் சுற்றி ஒரு வளையம் போட்டார். அன்றைக்கு மரத்தைச் சுற்றிய மாதிரியே மெதுவாக, எங்கேயும் விட்டுப்போகாமல்.

"இதுக்கு என்ன அர்த்தம் அத்தான்?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடினார்.

"இப்பவாவது கேட்டியே," என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

மறுநாள் மூவருமாகப் போய் அலுவலகத்தில் நேரில் கொடுத்தோம். குழு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. இந்தத் 'தெரியாது' நிஜம். அத்தானின் கணக்கில் இந்தக் கதை முழுக்க வெட்ட வேண்டியது. நான்தான் அவர் பேச்சைக் கேட்காமல் அச்சுக்குக் கொடுத்தேன், கட்டுரையைப் படித்தவர்கள் இதையும் படிக்கட்டும் என்று. வளையத்துக்குள் இருந்தது இவ்வளவுதான்:

'கழுத்தில் சுருக்கு' என்ற என் கட்டுரையில் வரும் சிவப்பு வளையம், மரத்தை வெட்டச் சொல்லும் குறி அல்ல. வெட்டாதே என்று சொல்லும் குறி.

அந்த மரம் இன்று நிற்பதற்குக் காரணம் என் கட்டுரை அல்ல. இருபத்தாறு வருடம் அந்த வளையத்தைப் போட்டு, மில்லுக்கு மறுத்து நின்றவர்.

அவரை நீங்கள் நேர்காணலில் பார்த்தீர்கள், 'ஆமாம், நானேதான்' என்றார்.

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும், தெரிந்தே மறைத்தேன்.